மறுக்கும் முன் ஏற்று நில்

உயர்தர வகுப்புக்கு வரும்வரை கட்டுரை என்றால் எங்களுக்குப் பாடமாக்கி எழுதுவதுதான். முன்னுரை, மூன்று பந்தி, நடுவில் ஒரு குறள், முடிவுரை. எங்கள் தமிழாசிரியர் இதை ஏற்கவே மாட்டார். "உம்முடைய கூற்று என்ன? அதை ஆர் மறுப்பினம்?" இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத கட்டுரையை அவர் திருத்தாமலே திருப்பித் தருவார்.

'தனியார் ரியூஷன் தேவையில்லை' என்று ஒருமுறை விவாதித்தோம். ரியூட்டரிக்காரர் காசு பறிக்கிறார்கள் என்று வகுப்பே சொன்னது. "சரி, நிறைந்த வகுப்பில் எழும்பிக் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு என்ன வழி?" என்றார் சேர். அந்தப் பிள்ளைக்கு ரியூஷன் உதவுகிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டதும் கூற்றே மாறிவிட்டது: பாடசாலையிலேயே மாலை வகுப்பு நடந்தால் ரியூஷன் தேவையில்லை. இதைத்தான் எங்களால் நிலைநாட்ட முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நன்னூல் என்ற இலக்கண நூலை எடுத்தார். அதில் பவணந்தி முனிவர் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) உடன்படல், மறுத்தல் இரண்டையும் விரைவாகக் கடந்து, மூன்றாவதான 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்பதில் நின்றுவிட்டார். மற்றவரின் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பிறகு நீக்குவது. எதிர்த்தரப்பை அந்தத் தரப்பினரே மெச்சும்படி எழுதினால்தான் மறுப்புக்குப் பெறுமதி என்பார்.

மணிமேகலையில் அறவண அடிகள் அளவை, அதாவது ஒன்றை நிறுவும் முறை, கற்பிக்கும் பகுதியையும் அவர்தான் காட்டினார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது கூற்று. புகையுடைத்து ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பிறகு அதை இம்மலைக்குப் பொருத்தும் உபநயம், முடிவாகச் சொல்லும் நிகமனம். ஏதுவை மட்டும் எழுதி விட்டுவிட்டால், அது கூற்றை எப்படித் தாங்குகிறது என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டிவரும். புகையையும் நெருப்பையும் சேர்த்துக் காட்ட அடுக்களை வேண்டும். ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் 'வாரண்ட்' என்று விளக்கியதும் காரணத்தைக் கூற்றோடு சேர்க்கும் இந்த இணைப்பைத்தான். கனடா வந்து அதைப் படித்தபோது எனக்குச் சேரின் குரல்தான் கேட்டது.

இங்கே ஒன்ராறியோவில் 2024 செப்ரெம்பரில் வகுப்பறைக் கைபேசி விதிகள் இறுகியபோது, மகள் அதை ஆதரித்துக் கட்டுரை எழுதினாள். எதிர்ப்பவர்கள் எல்லோரும் விளையாட்டுப் பைத்தியங்கள் என்றிருந்தது அவளுடைய முதற்படி. "நீரிழிவுள்ள பிள்ளை சர்க்கரை அளவைக் கைபேசியில்தானே பார்க்குது, அம்மா?" என்று கேட்டேன். அன்றிரவே அந்தப் பந்தியை அழித்துவிட்டு, மருத்துவத் தேவைக்கு விலக்கு வேண்டும் என்பதிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினாள்.