வீட்டிலேயே சர்க்கரை ஸ்க்ரப்

குளிக்கும்போது உடம்புத் தோலைத் தேய்க்கிற கலவைதான் ஸ்க்ரப். அரை கப் சர்க்கரைக்குக் கால் கப் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். சர்க்கரை பெரிய பரலா இருந்தா மிக்ஸியில ஒரே ஒரு சுத்து. மாவாயிட்டா தேய்க்க ஒண்ணும் மிஞ்சாது. கலந்ததும் ஈர மணல் மாதிரி நிக்கணும். எண்ணெய் மேல மிதந்தா இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுங்க.

கெட்டுப்போறது பெரும்பாலும் தண்ணியாலதான். ஈரக்கையை டப்பாவுக்குள்ள விட்டா சர்க்கரை கரையும், பூஞ்சையும் பிடிக்கும். உலர்ந்த ஸ்பூனால தேவையானதை மட்டும் தனிக் கிண்ணத்துல எடுத்துக்கோங்க. தயிரோ பழமோ சேர்த்தா அன்னைக்கே தீர்த்துடணும்.

நனைஞ்ச தோல்ல அழுத்தாம ஒரு நிமிஷம், வாரத்துக்கு ஒரு தடவை. முகத்துக்கு வேண்டாம். ஷேவ் பண்ண அன்னைக்கும் வேண்டாம், எரியும். எலுமிச்சைச் சாறு கலக்கவே கலக்காதீங்க (வீடியோக்கள்ல கலக்கச் சொன்னாலும்!). அது பட்ட இடத்துல வெயில் பட்டா கொப்புளம் வரலாம், கருந்திட்டு லேசுல போகாது. குளிச்சு முடிச்சதும் தரையைச் சோப்பு போட்டுக் கழுவிடுங்க, எண்ணெய் வழுக்கும்.