வரலாறு விருப்பப் பாடம்: வந்தவாசிக்கு முன்னால் சென்னை முற்றுகையைப் படியுங்கள்

சிவில் சர்வீஸ் மெயின்ஸ் முடிவு வந்துவிட்டது, பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. இன்னும் நிம்மதி அடங்கவில்லை. நேர்முகத் தேர்வு வேலைகளில் மூழ்குவதற்குள், வரலாற்றைத் தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாள் அமைப்பு, புத்தகப் பட்டியல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய மூன்றாம் கர்நாடகப் போர் என்றதும் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற 1760 வந்தவாசிச் சண்டைக்கு ஓடுகிறார்கள். நான் படித்த பயிற்சி மையத்தின் குறிப்பில், பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றதற்கு ஒரே வரிதான். எனக்கு அது ஆறவே இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் முதுகெலும்பு முறிந்தது புனித ஜார்ஜ் கோட்டை வாசலில், 1759 பிப்ரவரியில். வந்தவாசி அதன் விளைவு.

ஏன் தோற்றார்? லாலியின் முன்கோபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதாதீர்கள். காசையும் காற்றையும் எழுதுங்கள்.

கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிடித்த கையோடு சென்னைக்கு வந்திருக்கலாம். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. தஞ்சை மன்னரிடம் பழைய பாக்கியைக் கேட்டுப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். அடுத்து பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷேயின் கப்பல்களும் மொரீஷியஸுக்குப் போய்விட்டன. சோழமண்டலக் கரையில் அன்று புயலுக்கு ஒதுங்கப் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஆங்கிலக் கப்பல்களும் பம்பாய்க்குப் போய்விடும். ஆக, அவை திரும்பி வருவதற்குள் கோட்டை விழ வேண்டும். லாலிக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

டிசம்பர் 14 அன்று கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்துக்குள் நுழைந்த பிரெஞ்சு வீரர்கள் கொள்ளையிலும் குடியிலும் இறங்கிவிட்டார்கள். அதே நாளில் ஆங்கில அதிகாரி டிரேப்பர் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து தெருத்தெருவாகச் சண்டை போட்டார். பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேங் பிடிபட்டார். (பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரெஞ்சுக் கப்பற்படையோடு போனவர் இவர்தான். உலக வரலாற்றுத் தாளிலும் கைகொடுக்கும்.) முற்றுகைப் பீரங்கிகள் முழங்கவே ஜனவரி 2 ஆகிவிட்டது. வெளியே ஆங்கிலேயர் பக்கம் இருந்த யூசுப் கானின் ஆட்கள் தானிய வண்டிகளை வழிமறித்தார்கள். பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாள் லாலி பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

விடைக்கு என் வரிசை இது:

- முதல் வரியிலேயே தீர்ப்பு
- ஓரத்தில் சின்னக் கரையோர வரைபடம்: சென்னை, கடலூர், புதுச்சேரி, காரைக்கால். பென்சில் போதும்.
- பணம், கப்பல், பிறகுதான் ஆட்கள்
- ஹைதராபாத்திலிருந்து பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை வரவழைத்ததால் வடசர்க்கார் (ஆந்திரக் கடற்கரைப் பகுதி) கைவிட்டுப் போனது. இதை விடவே கூடாது.
- வந்தவாசிக்கும் 1761 புதுச்சேரி வீழ்ச்சிக்கும் கடைசி இரண்டு வரி

ஆண்டுகளை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. கப்பல் எந்த மாதம் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், தேதிகள் தானாக ஒட்டிக்கொண்டன. 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைச் சில நாட்களில் பிடித்த கதைக்கும் அதே தாளைப் பயன்படுத்துங்கள். அப்போது கப்பல்கள் அவர் பக்கம் இருந்தன.