கப்பல்காரர் வீடு

ஜூலை 6, 2025

அத்தையை நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். இடுப்பில் தட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. 86 வயதில் ஆறு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த டாக்டருக்குத் தெரியுமா?

வந்து படுத்ததும் கேட்டது இதுதான்: "ஊர்ல பெட்டிய யாரும் தொறக்கலையில்ல தாயி?"

இல்லை என்றேன்.

ஜூலை 8

போர்ட் பிளேரிலிருந்து பதில் இல்லை. கைதியாக அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்ட எங்கள் ஓட்டனைப் பற்றி, அதாவது பூட்டனின் அப்பாவைப் பற்றி, அங்கே ஒரு ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தேன்.

ஜூலை 9

மாத்திரை போட்டும் அத்தைக்குத் தூக்கம் வரவில்லை. நானும் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். இருட்டில் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"தாது வருசம் தாயி. கம்மா வெடிச்சுக் கெடந்துச்சாம். புளியங்கொட்டைய வறுத்து இடிச்சுத் தின்னாகளாம். அதுவும் தீந்துபோச்சு. ரோட்டுல மட்டும் நெல்லு வண்டி போய்க்கிட்டே இருந்துச்சாம். எங்க பாட்டன் அப்பக் கைப்புள்ள. ஆத்தாகிட்டப் பால் இல்ல."

மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். அடுத்த வருஷமே பஞ்சம். ரயில் வந்ததால் தானியம் உள்ளே வரவும் செய்தது, விலை கிடைக்கிற இடம் பார்த்து வெளியே போகவும் செய்தது. மேலூர் ரோட்டில் பசியோடு நின்றவர்கள் கண்ணில் பட்டது போகிற வண்டிதான்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஓட்டி, அந்தக் கைப்பிள்ளையின் அம்மா, ஓட்டன் போன பிறகு தாலியைக் கழற்றினாரா?

பதில் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

ஜூலை 10

இன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஓட்டன் கப்பலேறியது 1877. செத்தார் என்று சேதி வரவில்லை. இருக்கிறார் என்றும் வரவில்லை. ஒரு கடிதம், ஒரு ஆள், எதுவுமே இல்லை. இப்படி இருக்கும்போது ஒரு பெண் ஊரில் எப்படி நடமாடுவாள்? கல்யாண வீட்டில் முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கலாமா? வளைகாப்புக்குக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டால் போகலாமா? இது ஒரு நாள் முடிவு செய்து விட்டுவிடுகிற விஷயம் இல்லை. விடிந்தால் எழுந்தால் முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் அறுத்துக் கட்டுவது குற்றம் இல்லை. நாலு பேரை வைத்துத் தீர்த்துக்கொண்டு வேறு வாழ்க்கை பார்த்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் ஆண் குழந்தையோடு, இருபது இருபத்திரண்டு வயதில் அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏன் இவ்வளவு வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 12

தம்பி பேசினான். "சம்பந்தம் பேசுற நேரத்துல இதெல்லாம் எதுக்குக்கா? எழுதுறதுதான் எழுதுற, பேரையாவது போடாத."

சரி என்று சொல்லிவிட்டேன். பெயர் வராது. ஆனால் மனசு ஆறவில்லை. பேரன் என்றால் பெயரைச் சுமப்பவன். எங்கள் வீட்டில் பூட்டன் பெயர் நாலு பேருக்கு இருக்கிறது. ஓட்டன் பெயரை மட்டும் ஐந்து தலைமுறையாக ஒரு பிள்ளைக்கும் வைக்கவில்லை. இப்போது நானும் எழுதாமல் விடுகிறேன்.

சின்ன வயதில் ஊரில் எங்கள் வீட்டைக் கப்பல்காரர் வீடு என்பார்கள். கப்பல் வைத்திருந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். அப்பா அதைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஜூலை 13, இரவு

பாண்டியன் எக்ஸ்பிரஸ். அத்தையோடு சித்தி இருக்கிறார். காலையில் எழும்பூர்.

ஜூலை 14

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அதே ரோட்டில் ஆவணக் காப்பகம். சிவப்புக் கட்டடம். நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது. உள்ளே பென்சில் மட்டும்தான் கொண்டுபோகலாம்.

நாலு தொகுதி பார்த்தேன். இல்லை.

ஜூலை 15

இருக்கிறார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். 1877ஆம் வருஷத்து நீதித்துறைத் தொகுதி. தாளின் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, மேசையெல்லாம் பழுப்புத் தூள். பக்கத்தைத் திருப்பவே பயமாக இருந்தது. மதுரை செஷன்ஸ் கோர்ட்டுப் பட்டியலில் ஐந்து பேர். ஊர் பெயரை வெள்ளைக்காரக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் நேற்று கண்ணில் படாமல் போயிருக்கிறது. வாய்விட்டுப் படித்த பிறகுதான் எங்கள் ஊர் என்று பிடிபட்டது. அப்புறம் தகப்பன் பெயர். அப்புறம் அவர் பெயர். வயது 28. இடது கணுக்காலில் தீக்காயத் தழும்பு.

தழும்பு! அவரைப் பற்றி யாருமே சொல்லாத ஒன்று. எந்த அடுப்பில், எந்த வயதில் சுட்டுக்கொண்டாரோ. அவருடைய அம்மா என்ன வைத்துக் கட்டினாரோ.

பிரிவு 395, கூட்டுக்கொள்ளை. ஆயுள் முழுக்கத் தீவாந்தரம், கடல் கடந்து நாடு கடத்தல். அழுதுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஜூலை 17

வீடு வந்து சேர்ந்தாகிவிட்டது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த ஐந்தாவது பெயர்தான் தொந்தரவு பண்ணுகிறது. அன்றைய சட்டத்தில் கூட்டுக்கொள்ளை என்றால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் 395, ஆயுள் தீவாந்தரம் வரை போகும். நாலு பேர் என்றால் அது வெறும் வழிப்பறி, பிரிவு 392. பொழுது சாய்ந்த பிறகு பெரிய ரோட்டில் என்றாலும் 14 வருஷத்துக்கு மேல் கிடையாது. ஒரு ஆள். அன்றைக்கு ஒரே ஒரு ஆள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தால், மற்ற நாலு பேரும் என்றைக்காவது திரும்பி வந்து கம்மாய்க்கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மற்ற நாலு பேரும் எங்கள் ஊர். ஐந்தாவது ஆளின் ஊர் வேறு. வயது 17. அவனுக்கு மட்டும் ஏழு வருஷம் கடுங்காவல், கப்பல் இல்லை. அந்த ஊர் ஓட்டி பிறந்த ஊர்.

ஜூலை 18

அத்தையிடம் கேட்டுவிட்டேன். "அவ தம்பிதான். மச்சானுக்குத் தொணைக்குப் போடான்னு அனுப்பி வச்சவளே அவதான். போதுமா?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 19

போர்ட் பிளேரிலிருந்து பதில் வந்தது! இப்போது ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த ஆசிரியரும் போர்ட் பிளேர் என்றுதான் எழுதுகிறார். பொறுமையான மனிதர். 1942லிருந்து 45 வரை ஜப்பான்காரர்கள் இருந்தபோது பழைய காகிதங்கள் நிறையப் போய்விட்டனவாம். இருப்பதில் தேடுகிறேன் என்கிறார்.

தம்பி செல்லுலார் ஜெயிலா என்று கேட்டான். இல்லை. எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள். அதைக் கட்ட ஆரம்பித்தது 1896, முடித்தது 1906. ஓட்டன் போனபோது அந்தக் கட்டடமே கிடையாது. ராஸ் தீவு, வைப்பர் தீவு, அப்புறம் காடு. மரம் வெட்டுவதும் சதுப்பைத் தூர்ப்பதும்தான் வேலை. மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கிறார்கள். பத்து வருஷம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு நிலம் கொடுத்துத் தனியாகப் பிழைத்துக்கொள்ள விட்டார்கள். அங்கே தண்டனை அனுபவிக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். அப்படி வந்த பிள்ளைகளின் வம்சம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

கட்டிக்கொண்டாரா என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். கழுத்தில் இரும்பு வளையம், அதில் ஒரு மரக்கட்டை. அதில் கைதியின் எண், என்ன குற்றம், தீர்ப்புத் தேதி, விடுதலைத் தேதி. ஆயுள் கைதிக்கு அந்தக் கடைசி இடத்தில் என்ன போட்டார்கள் என்று தெரியவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் கட்டை. அதைப் படித்ததிலிருந்து என் கை அடிக்கடி என் தாலிக்கயிற்றுக்குப் போகிறது.

ஜூலை 22

அத்தைக்குக் காய்ச்சல் 101. தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறது. வேறெதையும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. தம்பி வீட்டில் படையல். அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பூட்டனுக்கு. மூன்று இலை. நாலாவது இலை போடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். செத்த நாள் தெரியாதவருக்கும் இன்றைக்குக் கொடுக்கலாம் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். தம்பி சரி என்றுகூடச் சொல்லிவிட்டான்.

போனில் கேட்டதும் அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு கத்துகிறார். "எல போடக் கூடாது! அவ சாகுற வரைக்கும் போட விடல. எல போட்டா செத்துட்டாருன்னு ஆயிரும்னு சொல்லிட்டுத்தான் செத்தா. சின்ன மருது மகன் தீவாந்தரம் போயித் திரும்பி வரலையான்னு கேப்பாளாம்."

துரைச்சாமி. 1802ல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றியபோது பதினைந்து வயதுப் பையன். பிறகு திரும்பி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஓட்டி அந்த ஒரு கதையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இலை போடவில்லை.

ஜூலை 25

காய்ச்சல் விட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜூலை 26

இன்று காலை அத்தையே தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலும் அதை இடுப்பில்தான் முடிந்து வைத்திருந்தாராம்.

ஜூலை 27

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்குப் போய் வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வீட்டுக்குள் வௌவால் நாற்றம்.

டிரங்குப் பெட்டி. மேலே அத்தையின் கல்யாணப் புடவை, ரேஷன் கார்டுகள், வரி ரசீதுகள். அதற்குக் கீழே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பத்திரம். ராணி தலை போட்ட முத்திரைத்தாள். மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், யாரோ பின்னால் கஞ்சிப் பசையால் துணி ஒட்டியிருக்கிறார்கள். கூட்டெழுத்து. வாசற்படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

1899, விகாரி வருஷம் ஆவணி மாசம். 62 சென்ட் நஞ்சை, வாய்க்கால் பாய்ச்சல். வாங்கியது ஓட்டி.

பெரியாற்றுத் தண்ணீர் 1895ல் வந்தது. அந்தத் தண்ணீர் பாய்கிற நிலத்தை அவர் வாங்கியிருக்கிறார். என்ன வேலை செய்து சேர்த்த காசோ. இருபது வருஷம் முன்னால் அந்தத் தண்ணீர் வந்திருந்தால் நெல் வண்டியை யாரும் மறித்திருக்க மாட்டார்கள்.

அதில் ஒரு வரி. புருஷன் இல்லாதவள் என்றால் பழைய பத்திரங்களில் விதவை என்று போடுவார்கள், அல்லது காலஞ்சென்ற இன்னார் சம்சாரம் என்று எழுதுவார்கள். இதில் இரண்டும் இல்லை. ஓட்டனின் பெயர், அதற்கு அடுத்து "பெண்சாதி". அவ்வளவுதான். அவர் போய் 22 வருஷம் கழித்து, எழுதியவரிடம் பக்கத்தில் நின்று அப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆயுள் கைதிகளை இருபது, இருபத்தைந்து வருஷத்தில் விட்டதும் உண்டு. அந்தக் கணக்கை யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்களா?

கீழே தற்குறிக் கீறல். ஒரு கோடு, அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டின் முடிவில் மை தடித்துப் பரவியிருக்கிறது, பேனாவைச் சட்டென்று எடுக்கத் தெரியவில்லை. அந்த மைத்திட்டில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாட்சி: பட்டியலில் ஐந்தாவதாக இருந்த பெயர். கையெழுத்து. ஜெயிலில் எழுதக் கற்றுக்கொண்டான் போல.

ஜூலை 28

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பெண்சாதி" வந்ததும் நிறுத்தினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இன்னொரு தடவை.

அப்புறம் சொன்னார்: "அவ செத்தப்ப கழுத்துல மஞ்சக்கயிறுதான் கெடந்துச்சுன்னு எங்க பாட்டன் சொன்னாரு. கட்டையில வைக்கும்போது அதை யாரு அவுக்கிறதுன்னு ஊரே நின்னுச்சாம். தம்பிக்காரன்தான், அப்படியே வைங்கடான்னானாம்."

19 நாள் கழித்துப் பதில்.

ஜூலை 30

தம்பி வந்திருந்தான். பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பேரு நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான்.

ஜூலை 31

ஆசிரியரிடம் ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறதாம், தென்மாவட்டத்துப் பெயர்கள் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். அத்தையிடம் சொன்னேன். "அங்க புள்ள குட்டி இருந்தா என்ன தாயி, அதுவும் நம்ம புள்ளதான். அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பா" என்றார். அப்புறம் ராத்திரிக் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். கால் ஜில்லென்று இருக்கிறது. சித்தியை வரச் சொல்லியிருக்கிறேன்.