பின்னால் இழுத்துப் பார்த்த அழுகை

மார்ச் 4
நேற்றைய ரியாலிட்டி நிகழ்ச்சியில் ஒரு பெண் உடைந்து அழுதாள். நான் அந்த இடத்தைப் பின்னால் இழுத்து இன்னொரு முறை பார்த்தேன். தூங்கப் போகும்போதுதான் அது உறைத்தது. பரிவு என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. தெரிந்தவர் அப்படி அழுதிருந்தால் பார்வையைத் தாழ்த்தியிருப்பேன்.

மார்ச் 6
ஜப்பானிய நடிகர் நாசுபியைப் பற்றி இன்று முழுக்கப் படித்தேன். 1998-இல், நகைச்சுவை நடிகராகும் ஆசையோடு வந்த இளைஞர் அவர். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, ஆடைகளைக் களையச் சொல்லி ஓர் அறையில் தனியே விட்டார்கள். பத்திரிகைப் பரிசுப் போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட வேண்டும். விழுகிற பரிசுகளை வைத்துத்தான் வாழ வேண்டும். பரிசுகளின் மதிப்பு 10 லட்சம் யென்னைத் தொட்டால்தான் முடிவு. அரிசி விழுந்தது, சமைக்கப் பாத்திரம் இல்லை. நாய்த்தீனியும் தின்றார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாராவாரம் பார்த்துச் சிரித்தார்கள். அது அவருக்குத் தெரியாது.

இலக்கை எட்டியும் விடவில்லை. கொரியாவுக்குக் கொண்டுபோய் மறுபடி தொடங்க வைத்தார்கள். மொத்தம் சுமார் 15 மாதங்கள். கடைசியில் இன்னோர் அறைக்குள் விட்டபோது, யாரும் சொல்லாமலே ஆடைகளைக் களைந்துவிட்டு உட்கார்ந்தார். சுவர்கள் சரிந்தன. சுற்றிலும் பார்வையாளர் கூட்டம், ஒரே ஆரவாரம்.

யாரும் சொல்லாமலே களைந்தார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 7
அக்காவிடம் சொன்னேன். “கையெழுத்துப் போட்டுத்தானே போறாங்க?” என்றாள். சரி, எதற்குப் போட்டார்கள்? எப்போதோ பேசிய இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதும், வேறொரு நாளின் முகபாவத்தை இங்கே செருகுவதும் எடிட்டிங் அறையில் நடப்பவை. அங்கே உருவாகப்போகும் ஆளுக்கு யாரால் முன்கூட்டியே சம்மதம் தர முடியும்?

மார்ச் 11
2019-இல் பிரிட்டனில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடத்திய பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர், படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில் இறந்தார். பல ஆண்டுகள் ஓடிய அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2021 முதல், பங்கேற்பவர்களின் நலனில் உரிய கவனம் வேண்டும் என்று ஒளிபரப்பு விதிகளே சொல்கின்றன. தேவையான விதிதான். ஆனால் ரிமோட் என் கையில் அல்லவா இருக்கிறது.

மார்ச் 14
அந்தப் பெண் வெளியேற்றப்பட்டாள். பேட்டியின் முதல் கேள்வியே அன்றைய அழுகை பற்றித்தான். அவள் சிரிக்க முயன்றாள். அங்கேயே அணைத்துவிட்டேன். என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று மனம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.