கோகோவுக்கு நடுவே ஒரு மினி டிராக்டர்

எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. வெறும் தென்னை மட்டும் இருந்தவரை எந்த வண்டியும் தாராளமாகப் போய் வந்தது. ஊடுபயிராகக் கோகோ வைத்த பிறகு பெரிய டிராக்டர் உள்ளே வந்தால் நாலு கிளையாவது முறியும். உடுமலைப் பக்கம் தென்னைக்குள் கோகோ போட்ட எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஐப்பசி மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும், வாடகை வண்டியும் கிடைக்காது. சரி என்று 24 குதிரைத்திறனில் ஒரு மினி டிராக்டர் வாங்கிவிட்டோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. அதனால் ஓட்டுவது நான்தான். தோப்பு என் பேரில் இருப்பதால் மானியத்துக்கும் நானே விண்ணப்பித்தேன். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம் என்றால் பெண்களுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 வரை உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. நிலம் தங்கள் பேரில் இருக்கிற பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழக்கிவிட்டவர் என் சித்தப்பா. "வண்டி ஓட்டறது கெடக்குது அம்மிணி, மொதல்ல ரொட்டாவேட்டர மாட்டிக் கழட்டப் பழகு" என்றார். கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்குகிற கருவிதான் ரொட்டாவேட்டர். அதை வண்டியின் பின்னால் பிணைக்கிற மூன்று கைகளுக்குத்தான் லிங்க் என்று பெயர். இடப்பக்கக் கீழ் லிங்க் முதலில், வலப்பக்கம் அடுத்து, டாப் லிங்க் கடைசியில். வலப்பக்கக் கையில்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறது. இடதை மாட்டிவிட்டால், வலதைத் திருகித் திருகி ஊசிக்கு நேராகத் துளையைக் கொண்டுவந்துவிடலாம். வரிசை மாறினால் இரும்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

சீட்டில் உட்கார்ந்தால் கைக்கு இரண்டு லீவர். பொசிஷன் லீவர் நாம் வைத்த உயரத்திலேயே கருவியைப் பிடித்துக்கொள்ளும், ரொட்டாவேட்டருக்கு அதுதான். கொத்துக் கலப்பைக்கு டிராப்ட் லீவர். மண் இறுகி இழுவை கூடினால் கலப்பையைத் தானே கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும், இன்ஜின் திணறாது. எங்கள் செம்மண்ணில் ஒரே பாத்தியிலேயே ஒரு பக்கம் பொலபொலப்பு, இன்னொரு பக்கம் கல்மாதிரி. இந்த லீவர் இல்லாமல் முடியவே முடியாது. ரொட்டாவேட்டரையே திரும்பத் திரும்பப் போட்டால் அடிமண் இறுகிவிடும் என்பதால் நடுநடுவே கொத்துக் கலப்பையும் போடுகிறேன்.

சித்தப்பா மிகக் கண்டிப்பாக இருந்தது பிடிஓ விஷயத்தில், அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் இருக்கிற கருவிக்குக் கொடுக்கிற தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. அந்தத் தண்டில் ஒரு முந்தானை நுனி மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் பிடிஓவை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட வேண்டும். நான் சுடிதார்மேல் முழுக்கைச் சட்டை போட்டு, துப்பட்டா இல்லாமல்தான் ஏறுகிறேன். தண்டின்மேல் மூடியில்லாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து மூடி போடுங்கள். வரப்போரம் திரும்பும்போதும் பிடிஓவை நிறுத்திவிட்டுத்தான் கருவியைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாயின்ட் தடதடவென்று அடிக்கும். இடம் இறுக்கமாக இருந்தால் உள்பக்க பிரேக்கை மட்டும் மிதித்து வளைக்கலாம். ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும்.

தென்னையின் பெரும்பாலான வேர்கள் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் ஓடுகின்றன. அந்த வட்டத்துக்குள் நான் வண்டியை விடுவதில்லை. அங்கே மண்வெட்டிதான். சொட்டுநீர்க் குழாய்களை முதலிலேயே சுருட்டி மரத்தடியில் போட்டுவிட வேண்டும். ரொட்டாவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டால் அறுத்து எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மட்டையும் அப்படித்தான்.

தோப்புக்குள் வண்டியை இறக்குவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பேன். இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். ஒட்டிக்கொண்டே இருந்தால் அன்றைக்கு வண்டி கட்டுத்தரையிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஈரத்தில் ஓட்டினால் டயர் போன இடமெல்லாம் கெட்டிப்படும். அப்புறம் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும்.

அடுத்து டிரெய்லர். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது மனசுக்குத் தெரிகிறது, கைக்கு இன்னும் வரவில்லை. தோப்புக்குப் போகிற எங்கள் இட்டேரி, அதாவது குறுகலான வண்டிப் பாதையில், இருபுறமும் கிளுவை வேலி, அதனால் காலிக் களத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன். தேங்காய் வெட்டு வருவதற்குள் கை வந்துவிட்டால் இந்த முறை காயை நானே களத்துக்கு இழுத்துவிடுவேன்.