குக்குலுவைச் சோதிக்கப் போய் பூவுக்கு அலைந்த கதை

ஆயுர்வேத எம்.டி. தீசிஸுக்குக் கொலஸ்ட்ரால் தலைப்பை எடுக்கப் போகிறவர்கள், அதிலும் குக்குலு என்ற மரப்பிசினைத் தொடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். என் தீசிஸ் முடிந்து வைவாவும் ஆகிவிட்டது, ஆனால் சரக்குக்குச் சான்று கேட்டு அலைந்த அந்த ஆபீஸை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

தலைப்பு சுலபமாக ஓகே ஆனது. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை மேதோரோகத்துக்கு (கொழுப்பு கூடுகிற நோய்) குக்குலுவைச் சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர் ஜி.வி. சத்தியவதி 1966ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கொலஸ்ட்ரால் இறங்கியது. ஆனால் 2003ல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கொஞ்சம் ஏறி, மருந்தில்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. இப்படி முட்டிக்கொண்டு நிற்கிற விஷயம் தீசிஸுக்கு நல்லதுதானே.

சிக்கல் சரக்கில் ஆரம்பித்தது. முதலில் போன நாட்டு மருந்துக் கடையில் குக்குலு கேட்டால் குங்கிலியத்தை நிறுத்துக் கொடுத்தார்கள். அது வேறு பிசின், பார்த்து வாங்குங்கள். சரியான சரக்கு கிடைத்த பிறகு, அது குக்குலுதான் என்று சான்று வேண்டும். ஆபீஸில் படிவத்தைப் பார்த்தவர், "ஏம்மா, பூவோட ஹெர்பேரியம் ஷீட் எங்க?" என்றார். செடியைப் பூவும் கிளையுமாக உலர்த்தி ஒட்டிய தாளைத்தான் கேட்கிறார். சார், இது பிசின், மரம் ராஜஸ்தான், குஜராத் வறண்ட காட்டில் இருக்கிறது, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம், கிளை ஒடிக்கப் போக முடியாது என்றேன். "படிவத்துல காலம் இருக்கே, நான் என்ன பண்றது" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளிவிட்டார். யாரிடம் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனால் அவர் லீவு, அந்த இருக்கையின் வேலையை வேறு யாரும் பார்க்க மாட்டார்களாம்.

கடைசியில் வேறொரு கல்லூரியின் மருந்தறிவியல் பேராசிரியர் கைகொடுத்தார். மருந்துச் சரக்குகளின் தரத்தைச் சொல்கிற அரசு நூலான ஆயுர்வேத ஃபார்மகோபியா முதல் தொகுதியில் குக்குலுவுக்குத் தனிக் குறிப்பு இருக்கிறது. அதன்படி சாம்பல் அளவு, ஆல்கஹாலில் கரைகிற அளவு எல்லாம் பார்த்து, குக்குலுவில் இருக்கிற குக்குல்ஸ்டிரோன் இ, இசட் என்ற இரண்டு பொருள்களையும் எச்பிடிஎல்சியில் (பொருள்களைப் பிரித்துக் காட்டுகிற லேப் சோதனை) காட்டி, பிசினுக்கு இதுவே போதும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் நீட்டினேன். "இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார் அதே மனிதர்! (ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான சுத்தமான குக்குல்ஸ்டிரோனை, அதாவது ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டை, நீங்களே வாங்கினால் ஸ்டைபண்டு காலி, ஏற்கெனவே வைத்திருக்கிற லேபைத் தேடுங்கள்.)

எத்திக்ஸ் கமிட்டி கடிதத்தை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். எனக்கு வந்ததில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை. மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்கிற ட்ரயல் ரெஜிஸ்ட்ரி அதைத் திருப்பி அனுப்பியது, நியாயம்தான். ஆனால் 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஒரு தேதிக்காக மொத்த வேலையும் நின்றது.

குக்குலுவைச் சுத்தி செய்வதற்கு (மருந்தாக்கும் முன் சுத்தப்படுத்துவது) கூடுதலாகவே வாங்குங்கள். துணியில் முடிந்து திரிபலா கஷாயத்தில் தொங்கவிட்டால் பிசின் கரைந்து இறங்கிவிடும், துணிக்குள் குச்சியும் மணலும் பட்டைச் சிராயும்தான் மிஞ்சும். நெய் தடவாத தட்டில் ஊற்றினீர்களோ, அந்தத் தட்டை மறந்துவிடுங்கள். அப்புறம் வாசனை: டம்மி பாட்டிலை மோந்தாலே தெரிந்துவிடும், அதனால் எல்லா மூடிகளுக்குள்ளும் குக்குலு தடவினோம்.

நோயாளிகள் தங்கமானவர்கள்தான், ஆனால் "வெறும் வயிறுதான் டாக்டர், காபி மட்டும் குடிச்சேன்" என்பார்கள். தைராய்டு சோதனையான டிஎஸ்எச் பார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள், தைராய்டு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு எடுக்கிற எல்டிஎல் செல்லாது, நேரடி அளவீடு செய்கிற ஒரே லேபில் முன்னும் பின்னும் எடுங்கள். ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கிற அலோபதி மாத்திரை) சாப்பிடுகிறவரிடம் அதை நிறுத்தச் சொல்லிச் சேர்க்கவே கூடாது.

முடிவு வந்ததும் முன்-பின் அட்டவணை மட்டும் போதும் என்றார்கள், அதில் எல்டிஎல் அழகாக இறங்கியிருந்தது. டம்மி குழுவிலும் இறங்கியிருந்ததே! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அப்படியே எழுதினேன், அப்படியே பாஸ் ஆனது.

வைவாவில் வெளித் தேர்வாளர் மிச்ச குக்குலுவைக் கேட்டு வாங்கி, மோந்து, விரலில் உருட்டிப் பார்த்தார். சான்றிதழைப் பக்கம் புரட்டக்கூட இல்லை. அதனால் மிச்சத்தை எறியாதீர்கள், வாங்கிய தேதியை ஒட்டிக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள்.