ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, பஸ் ஊருக்கு உள்ளே: தடத்தை நீட்டக் கேட்கும் வேலை

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கல்லூரியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நிற்கும் அளவுக்கு டவுனுக்குள் இடம் கிடைப்பது அரிது. நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூர், கள்ளக்குறிச்சிக்கு சிறுவங்கூர், கிருஷ்ணகிரிக்கு போலுப்பள்ளி என்று கட்டடம் ஊரைத் தாண்டித்தான் எழுந்தது. வேலூர்க்காரர்கள் அடுக்கம்பாறைக்கும் விழுப்புரத்துக்காரர்கள் முண்டியம்பாக்கத்துக்கும் அதற்கு முன்பிருந்தே போய் வருகிறார்கள். இப்படி ஆஸ்பத்திரி வெளியே போன ஊர்களில் கிராமத்து டவுன் பஸ் பெரும்பாலும் பழையபடி பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடும். அங்கே இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ.

"எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேரடி பஸ் வேண்டும்" என்று மனு எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அந்த மனுவை வைத்து டெப்போவில் யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பதும் உண்மை. அதையே "இன்ன தட எண், காலை 6.40 நடை (பஸ் ஒரு முறை ஓடும் ஓட்டம்), பஸ் ஸ்டாண்டில் முடிவதை ஆஸ்பத்திரி வரை நீட்டி 7.25-க்குள் சேர்க்கவும், பகல் 12.40-க்கு அங்கிருந்து ஊருக்கு ஒரு நடை வேண்டும்" என்று எழுதினால், கிளை மேலாளர் ஷெட்யூலை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கான தகவலைச் சேர்ப்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிகிறது.

முதலில் நேரம். அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) பொதுவாகக் காலை 7.30 முதல் பகல் 12 வரை. சர்க்கரை நோயாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், பிறகு சாப்பிட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். முடிவு வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுன்டரில் நின்று முடிக்கும்போது 12 தாண்டிவிடும். இவருக்கு 7.30-க்கு வரும் பஸ்ஸால்தான் பிரயோஜனம். 9.15-க்கு வந்தால் சாப்பாட்டுக்கு முந்தைய ரத்தம் கொடுக்கும்போதே பத்து மணியாகிவிடும், பிந்தைய ரத்தத்துக்கு ஓ.பி. நேரம் இடம் தராது. திரும்பும் பஸ் 11 மணிக்கும் 3 மணிக்கும்தான் என்றால் அவர் ஆட்டோவில்தான் போவார், பஸ்ஸில் இடம் காலியாகத்தான் தெரியும். "விட்டுப் பார்த்தோம், கூட்டம் இல்லை" என்று நிறுத்தப்படும் நடைகளில் பல இந்த நேரக் கோளாறால் செத்தவை.

ஆகவே கணக்கெடுப்பை ஊரில் எடுக்காமல் ஓ.பி. சீட்டு வரிசையில் எடுங்கள். ஊரில் கேட்டால் எல்லோரும் பஸ் வேண்டும் என்பார்கள். வரிசையில் நிற்பவரிடம் ஐந்து கேள்வி போதும்: எந்த ஸ்டாப்பில் ஏறினீர்கள், வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை வண்டி மாறினீர்கள், கடைசித் துண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கூட யார் வந்திருக்கிறார்கள். நோய் என்ன என்று கேட்காதீர்கள், பெயரும் வேண்டாம். திங்கட்கிழமைக் கூட்டத்தை மட்டும் வைத்து எண்ணிக்கை போடாமல் வாரத்தின் நடுவிலும் ஒரு நாள் எடுங்கள். குறிப்பிட்ட கிழமையில் மட்டும் நடக்கும் சிறப்புப் பிரிவுகள் இருந்தால் அந்த நாளும் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. ஆள் எண்ணிக்கை குறைவு என்றாலும் வருஷம் முழுக்க வருபவர்கள். ஆஸ்பத்திரியின் ஒப்பந்தப் பணியாளர்களையும் மறக்க வேண்டாம். காலை நடையின் வசூலைத் தினமும் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது வண்டியின் கணக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10. டவுன் நெரிசலில் ஒரு பக்கத்துக்கு 15 நிமிஷம், திருப்பி நிறுத்தி ஆள் ஏற்ற 5 நிமிஷம். ஆக ஒரு சுற்றுக்கு 35 நிமிஷம் கூடுகிறது. நாளைக்கு எட்டுச் சுற்று ஓடும் வண்டியில் எல்லாச் சுற்றையும் நீட்டச் சொன்னால் 80 கிலோமீட்டரும் நான்கு மணி நாற்பது நிமிஷமும் ஏறும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றாலும் டீசல் மட்டும் 16 லிட்டர். நேரம்தான் இன்னும் பெரிய சிக்கல்: தொழிலாளர் சட்டம் ஓட்டுநர், நடத்துநருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்கிறது. நீட்டிப்பு அந்த எல்லையைத் தாண்டினால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே ஓடும் இரண்டு நடையை வெட்ட வேண்டும். வெட்டப்படுவது உங்கள் ஊரின் கடைசி பஸ்ஸாகவே இருக்கலாம்.

மூன்று சுற்று மட்டும் கேட்டால் கதை மாறிவிடும். காலையில் இரண்டு, பகல் ஒன்று: 30 கிலோமீட்டர், ஒரு மணி முக்கால் நேரம். பகலில் கூட்டம் குறைந்த நேரத்தில் சில டவுன் பஸ்கள் ஸ்டாண்டில் சும்மா நிற்கும். அந்த நேரத்தை டைம் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு பகல் சுற்றை அதற்குள் பொருத்தினால் வெட்டு குறையும். மனுவோடு இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் இணையுங்கள். இதைப் பார்த்த பிறகுதான் பேச்சு "முடியாது" என்பதிலிருந்து "6.40-ஐ 6.30 ஆக்கினால் சரியா" என்பதற்கு நகர்கிறது.

கணக்குப் போட ஷெட்யூல் வேண்டுமே? தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். "ஏன் பஸ் விடவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கும் காகிதத்தின் நகலைக் கேளுங்கள்: தடத்தின் கால அட்டவணை, அனுமதிச் சீட்டு, கடந்த மூன்று மாதத்தில் நடைவாரியான வசூல், இயக்கப்படாத நடைகளின் பட்டியல். கடைசியாகச் சொன்னது முக்கியம். காகிதத்தில் ஓடிக்கொண்டு ரோட்டில் ஓடாத நடை ஒன்று அதில் சிக்கினால், புது வண்டி கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

இனி, பலரும் தவிர்த்துவிடும் கட்டம். தடத்தை மாற்றினால் யாருக்காவது நஷ்டம் உண்டு. நீட்டிப்பால் பஸ் ஊர் திரும்ப 35 நிமிஷம் தாமதமாகும்; அதே வண்டியின் அடுத்த நடையை நம்பியிருக்கும் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். சுற்றிப் போகச் சொன்னால் நடுவில் விடுபடும் இரண்டு ஸ்டாப் இருக்கும். அவர்கள் முதல் நாளே பஸ்ஸை மறித்தால், டெப்போ அன்று மாலையே பழைய தடத்துக்குப் போய்விடும். சட்டப்படியான கருத்துக்கேட்பு எல்லா மாற்றத்துக்கும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 99, 100-ஆம் பிரிவுகளின்படி அரசு ஒரு திட்டத்தை வெளியிட்டால்தான் 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை வருகிறது. 2024 ஜூனில் மினி பஸ் வரைவுத் திட்டம் அப்படித்தான் வெளியாகி, ஜூலையில் கருத்துக்கேட்பு நடந்தது. ஒரு டவுன் பஸ்ஸை 5 கிலோமீட்டர் நீட்ட இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே கருத்துக்கேட்பை நாமே நடத்த வேண்டியிருக்கிறது.

அதற்குக் கையிலிருக்கும் மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தடத்தில் இருக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும், குறிப்பாக நஷ்டப்படும் ஊராட்சியில், ஒரே நாளில் தீர்மானம் வர வேண்டும். அதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். பள்ளி 9 மணிக்கு என்றால் எந்த நடையைத் தொடக் கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். "7.50 நடை மாறாது" என்ற வரி தீர்மானத்திலேயே ஏறட்டும். குறைவெண் வரம்பையும் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதை) பாருங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து குறைந்தால் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. நகலை அன்றே ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வையுங்கள். பிறகு வாங்குவது தனி அலைச்சல்.

மனு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: டெப்போவின் கிளை மேலாளர், மண்டலப் பொது மேலாளர், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர். பஸ்ஸுக்கு அனுமதிச் சீட்டு தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கும் கலெக்டர்தான் தலைவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் (ஆர்.டி.ஓ.) அதன் செயலர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆஸ்பத்திரி டீனிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் எம்.எல்.ஏ. பரிந்துரையை விட அதற்கு எடை அதிகம் என்பது எங்கள் கணிப்பு. பரிந்துரைக் கடிதம் டெப்போவுக்கு வாரம் நாலு வரும், ஓ.பி. எண்ணிக்கையோடு டீன் எழுதுவது அபூர்வம்.

தனியார் பஸ் என்றால் வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 80(3) பிரிவின்படி அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்தான் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க முடியும், நாம் ஆதரவு மனு தரலாம். அதன் பிறகு நேர நிர்ணயக் கூட்டத்தில் இரண்டு நிமிஷத்துக்காகக்கூட முன் பஸ்காரரும் பின் பஸ்காரரும் மல்லுக்கட்டுவார்கள். பஸ்ஸே போகாத குக்கிராமம் என்றால் 2025 ஜூனில் தொடங்கிய மினி பஸ் திட்டம் பொருந்தலாம். தட நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். ஓ.பி. வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள் நிற்கும்போது தனியார் பஸ்ஸோ புறநகர் பஸ்ஸோ வருவது அரைத் தீர்வுதான். மனுவில் "நகரப் பேருந்து, சாதாரணக் கட்டணம்" என்றே எழுதுங்கள்.

ஒப்புதலுக்கு முன் டெப்போவிலிருந்து இடம் பார்க்க வருவார்கள். வளாகத்துக்குள் பஸ் வரவேண்டும் என்று எல்லோரும் விரும்புவோம். 12 மீட்டர் பஸ் ஒரே வெட்டில் திரும்பச் சுமார் 25 மீட்டர் அகலம் வேண்டும். அங்கே ஆம்புலன்ஸும் பைக்கும் நின்றால் ஓட்டுநர் ரிவர்ஸ் எடுக்க மறுப்பார், அது நியாயம்தான். நுழைவாயில் வளைவின் உயரத்தையும் அளந்து வையுங்கள். உள்ளே முடியாவிட்டால் வாசலில் ஸ்டாப். நாலு வழிச் சாலையாக இருந்தால் போகும் பஸ் ஆஸ்பத்திரிப் பக்கமும் திரும்பும் பஸ் எதிர்ப் பக்கமும் நிற்கும், ஊன்றுகோலோடு மீடியனைத் தாண்டச் சொல்ல முடியாது. அடுத்த யு-டர்ன் வரை போய்த் திரும்பி, இரண்டு தடவையும் ஒரே பக்கம் நிற்கும்படி கேளுங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அதை ஷெட்யூலில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கொடியசைத்த பிறகு முதல் மாதம் கவனிக்க வேண்டியவை சில்லறையாகத் தெரியும். டிக்கெட் மெஷினில் ஆஸ்பத்திரி தனி ஸ்டேஜாக (கட்டணம் கணக்கிடும் நிறுத்தமாக) ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால் நடத்துநர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் டிக்கெட் போடுவார், நீட்டிய துண்டில் பயணி யாரும் இல்லை என்று கணக்கு காட்டும். முகப்புப் பலகையில் ஆஸ்பத்திரி பெயர் வேண்டும். பெண்கள் "ஃப்ரீதானே" என்று டிக்கெட் வாங்காமல் இறங்கக் கூடாது. பூஜ்ய டிக்கெட்டும் பதிவாகிறது, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நடையைத் தொடர்வதா என்று முடிவெடுப்பார்கள். ஆள் பற்றாக்குறை வந்தால் டெப்போவில் முதலில் கை வைப்பது புது நடையில்தான். வராத நாளைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து, மாதக் கடைசியில் கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். எழுத ஏற்ற ஆள் ஸ்டாப்பில் இருக்கும் டீக்கடைக்காரர். பஸ் வராவிட்டால் அவருக்கும் வியாபாரம் இல்லை.